வெள்ளியைத் தேடித் தீவுகளில் அலைந்தவர்

கருவடிக்குப்பம் என்ற பெயரைக் கேட்டவுடன் இலக்கிய அன்பர்களுக்குச் சித்தானந்தர் திருக்கோயிலும், நாடகப் பேராசான் சங்கரதாசு சுவாமிகள் அடங்கிய இடமும் நினைவில் எழும். அதனை அடுத்திருக்கும் இலாசுப்பேட்டைக்கு அப்பெயர் வந்த வரலாற்றை நினைப்பவர் சிலரே. புதுவையில் பிரெஞ்சு ஆளுநராய் இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் என்பவரின் பெயர்தான் மருவி இலாசுப்பேட்டையாய் வாழ்கிறது. போரில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட புதுவையை 1765க்குப் பின் மீண்டும் எழுப்பியவர் அவர். நகரில் கூரையுள்ள வீடுகளே அரிதாயிருந்த அந்நாளில், பழைய கோட்டையின் இடிபாடுகள் மீது ஒரு விருந்தினருக்காக அவர் வானாய்வுக்கூடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அந்த விருந்தினரே கியோம் லெ ழாந்தி.

நற்பேறற்ற வானியலர் என்ற அடைமொழியோடு அறிவியல் நூல்கள் லெ ழாந்தியை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. எட்டாண்டு காத்திருந்து, காணவேண்டிய காட்சியை மேகம் மறைக்க, ஊர் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாகச் சொத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சிரிப்புக்குரிய கதையாக அது சொல்லப்படுகிறது. கதையில் பொய் இல்லை. ஆனால் அந்த எட்டாண்டுகளை அவர் எங்கே, எவ்வாறு கழித்தார் என்பதை அக்கதை விழுங்கிவிடுகிறது. உண்மையில் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் கூத்தான்சு என்னும் ஊரில் 1725 செப்டம்பர் 12இல் அவர் பிறந்தார். குருவாகும் எண்ணத்துடன் இறையியல் கற்கப் பாரிசு சென்ற இளைஞர், ஒரு நாள் தெலீல் என்னும் வானியல் பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்கப் போனார். அத்துடன் இறையியல் நின்றது. பாரிசு வானாய்வுக்கூடத்தில் கசீனி குடும்பத்தாரிடம் பயிற்சி பெற்றார். 1749இல், ஆந்திரமேடா என்னும் ஒளிப்படலத்தின் அருகே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துணைப் படலத்தை முதலில் கண்டு சொன்னவர் அவரே. 1753இல் அரசு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

அக்காலத்து வானியலர் அனைவரும் 1761 சூன் 6ஆம் நாளை எதிர்நோக்கி இருந்தனர். அன்று வெள்ளிக் கோள் ஒரு கரும்பொட்டுப் போலக் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்லும். எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின், நூறாண்டுக்கு மேல் அக்காட்சி இல்லை. ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள இடங்களிலிருந்து வெள்ளி நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் நொடிக்கணக்கில் குறித்து ஒப்பிட்டால், பூமிக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஆலி என்னும் ஆங்கில அறிஞர் வழிகாட்டி மறைந்திருந்தார். பல நாட்டு அறிஞரும் உலகின் மூலைகளுக்குப் புறப்பட்டனர். லெ ழாந்தி கேட்டுப் பெற்ற இடம் புதுச்சேரி.

தமிழ்ப் புலவர்க்கு வெள்ளி புதிதன்று. வெள்ளிக் கோள் தென்திசையில் ஒதுங்கினால் மழை பொய்க்கும் என்று சங்கப் புலவர் கருதினர்; வெள்ளியும் மழையும் அவர்கள் பாட்டில் பிரியாதவை. தமிழ்க் கடற்கரைக்கு வெள்ளியைக் காண வந்த இந்தப் பிரெஞ்சுக்காரர் வாழ்விலும் வெள்ளியும் மேகமும் பின்னிக்கொண்டது ஒரு விந்தை.

1760 மார்ச்சு 26இல் பிரெசுத்துத் துறைமுகத்தில் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சூலை 10இல் பிரெஞ்சுத் தீவு வந்து சேர்ந்தார். இன்றைய மொரீஷியசின் அன்றைய பெயர் அது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் மசுக்கரை என்று வருவது இந்தத் தீவுக் கூட்டத்தைத்தான். புதுவைக்கு வரும் கப்பல்களெல்லாம் தண்ணீருக்கும் பழுது பார்ப்பதற்கும் தங்கும் இடம் அது. நடுக்கடலில் எரிமலை கக்கி எழுப்பிய நிலம். கூர்ங்கோபுரம் போன்ற கரிய மலைமுடிகள். சுற்றிலும் பவளப்பாறை வேலி. கருங்காலி மரக் காடுகள். டோடோ என்னும் பறக்கமாட்டாப் பறவை அங்கேதான் வாழ்ந்து, ஒல்லாந்தர் காலத்திலேயே அற்றுப்போயிற்று. அங்கே இறங்கியபோது தமிழ் முகங்களை அவர் கண்டிருக்கவேண்டும். அத்தீவில் முன்னர் ஆளுநராயிருந்த மாஹே தெ லா பூர்தொனே, துறைமுகநகர் போர் லூயியைக் கட்டுவதற்குப் புதுவையிலிருந்து கொத்தரையும் கைவினைஞரையும் அழைத்துச் சென்றிருந்தார். தமிழரைப் பிரெஞ்சுக்காரர் மலபாரிகள் என்று அழைத்ததால், அவர்கள் குடியிருந்த பகுதி மலபார் முகாம் எனப்பட்டது.

தீவில் கால்வைத்ததும் கெட்ட செய்தி காத்திருந்தது. ஆங்கிலேயருடன் போர் முற்றிவிட்டது. புதுவை முற்றுகைக்குள்ளாகும் நிலை. மாதக்கணக்கில் கப்பல் இல்லை. வயிற்றுக்கடுப்பு வேறு அவரை வாட்டிற்று. கிழக்கே உள்ள ரொட்ரீகு என்னும் குட்டித்தீவுக்குப் போய் அங்கிருந்தே வெள்ளியைப் பார்த்துவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, 1761 மார்ச்சில் சில்பீது என்னும் போர்க்கப்பல் சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டது. ஏறிவிட்டார். ரொட்ரீகுக்கு வேறொரு பிரெஞ்சு வானியலரான பேங்கிரே போய்ச் சேர்ந்து, மேகத்திடையே ஓரளவேனும் கண்டு குறித்தார். சில்பீது வராதிருந்தால் லெ ழாந்தியின் கதை வேறாகியிருக்கும்.

பருவக்காற்று மாறிக் கப்பலைத் திசைதிருப்பியது. அரபிக் கடலில் அலைந்து, மே 24இல் மலையாளக் கரையில் மாஹே அருகே வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நான்கு மாதங்களுக்கு முன், சனவரியிலேயே, புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அந்தச் சனவரியில்தான். கப்பல் தீவுக்கே திரும்பியது. சூன் 6ஆம் நாள் வானம் களங்கமின்றி இருந்தது. நடுக்கடலில், ஆடும் தளத்தின் மேல் நின்று லெ ழாந்தி வெள்ளியைக் கண்ணாரக் கண்டார். கண்டு பயனில்லை. ஊசல் கடிகாரம் கப்பலில் நேரம் காட்டாது. நின்ற இடத்தின் நெடுங்கோடும் தெரியாது. இவ்விரண்டும் இல்லாத அளவு அளவேயன்று. அதே நாளில் சென்னையில் ஆங்கிலேயர் அக்காட்சியைக் கரையிலிருந்து கண்டு குறித்துக்கொண்டனர்.

சூன் 23இல் மீண்டும் பிரெஞ்சுத் தீவு. வேறெவரும் ஊருக்குக் கப்பலேறியிருப்பர். அவர் அடுத்த கடப்பு நிகழும் 1769 வரை கீழைக் கடல்களிலேயே இருப்பதென்று முடிவு செய்து, கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மானமும் பிடிவாதமும் அம்முடிவுக்குக் காரணமாகலாம். கையில் அளவுக் கருவிகள், முன்னே யாரும் சரியாக அளந்திராத தீவுகள், எட்டாண்டுக் காலம் என்ற வாய்ப்பும் ஒரு காரணம்தான். அவர் எழுதிய நூலைப் பார்ப்பவர் இந்த இரண்டாவது காரணத்தையே நம்புவர்.

மடகாசுகர் அவரைப் பற்றிக்கொண்டது. உலகின் நான்காவது பெரிய தீவு. ஆப்பிரிக்காவின் தோளில் இருந்தும் ஆப்பிரிக்கா அல்லாத நிலம். வேறெங்கும் இல்லாத உயிர்களும் செடிகொடிகளும் அங்கே மலிந்திருப்பதை இன்றைய உலகம் அறியும். ஐரோப்பியக் கப்பல்கள் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக அதன் கரையோரம் போய்வந்தும், நிலப்படங்களில் முனைகளும் குடாக்களும் இடம் மாறிக் கிடந்தன. மாலுமிகள் அப்படங்களை நம்பிப் பாறைகளில் மோதினர். லெ ழாந்தி அதன் கீழைக்கரையை எடுத்துக்கொண்டார். கரையிறங்குவார், இரவில் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதையும் நிலவின் நகர்வையும் பார்த்து அவ்விடத்தின் நெடுங்கோட்டைக் கணிப்பார், பகலில் கரையின் வளைவை வரைவார். நெடுங்கோட்டைக் கடிகாரத்தால் அறியும் வழி இன்னும் மாலுமிகள் கைக்கு வராத காலம் அது. விண்ணைக் கொண்டே மண்ணை அளந்தனர்.

தென்கிழக்கு முனையிலுள்ள தொபேன் கோட்டை, பிரெஞ்சுக்காரர் நூறாண்டுக்கு முன் குடியேறி, பகையும் நோயும் தாளாமல் 1674இல் கைவிட்டுப்போன இடம். வடக்கே பூல்புவாந்து, பிரெஞ்சுத் தீவுக்கு அரிசியும் மாடும் ஏற்றுமதியாகும் துறை. கடலிலிருந்து எழும் காற்று மலைச்சுவரில் மோதி ஆண்டு முழுதும் மழை பெய்யும் கரை அது. விசிறி விரித்தாற்போல் ஒரே தளத்தில் இலைகள் அடுக்கி நிற்கும் ரவிநாலா மரம் அக்கரையின் அடையாளம். இலைக்காம்பின் அடியில் மழைநீர் தேங்கும். வழிநடப்போர் அதைக் குத்திக் குடிப்பதால் வழிப்போக்கர் மரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. நெல் விளைத்து, நம் நாட்டாரைப்போலவே சோறுண்ணும் மக்கள். காற்று எந்தத் திங்களில் எப்பக்கம் வீசுகிறது, கடலேற்றம் எவ்வளவு, மக்கள் உடை என்ன, உணவு என்ன, எம்மீன் உண்ணத்தக்கது என்று எதையும் விடாமல் எழுதினார். அங்கே கடும் நோயில் விழுந்து பிழைத்தும் இருக்கிறார்.

பூர்போன் தீவிலும் சுற்றினார். ரெயூனியோன் என்று இன்று வழங்கும் அத்தீவில் மூவாயிரம் மீட்டரைத் தாண்டும் மலைமுடியும், இன்றும் நெருப்புக் கக்கும் எரிமலையும், அடிவயிற்றைக் கலக்கும் பள்ளத்தாக்குகளும் உள்ளன. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழர் ஆயிரமாயிரம் பேர் கரையேறிய தீவும் அதுவே.

இயற்கை எழில் மிக்க இத்தீவுகளைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. லெ ழாந்தி நடந்த பாதைகளை வெட்டியவர் அடிமைகள். மடகாசுகரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்களின் முதுகில்தான் பிரெஞ்சுத் தீவின் வாழ்வு நடந்தது. 1768இல் அத்தீவுக்கு வந்த பெர்னார்தேன் தெ சேன் பியேர், போலும் விர்ழினியும் என்ற புகழ்பெற்ற காதல் புதினத்துக்கு அத்தீவையே களமாக்கினார். அடிமைகள் பட்ட கொடுமையையும் அவர் தம் பயணநூலில் எழுதத் தவறவில்லை. அளவுக்கோலை விடாத லெ ழாந்தியின் நூலில் அந்தச் சூடு இல்லை. அது அவருடைய குறையே.

1769ஆம் ஆண்டுக் கடப்பைக் காண மிகச் சிறந்த இடம் மணிலா என்று அவருடைய கணக்கு சொல்லிற்று. 1766 மே மாதம் எசுப்பானியக் கப்பலில் ஏறி ஆகத்தில் அங்கே சேர்ந்தார். மணிலாக்கொட்டை என்று நிலக்கடலையோடு அவ்வூரின் பெயரையும் சேர்த்தே மென்று பழகியவர்கள் தமிழர்; அவ்வூரின் வானமோ பெரும்பாலும் தெளிவானது. அத்தீவுகளில் பேசப்படும் மொழிகளும் மடகாசுகர் மொழியும் ஒரே குடும்பத்தன. போர்னியோவிலிருந்து தோணியேறி வந்தவர்களின் மொழியே மடகாசுகரில் வேரூன்றியது என்பது பிற்கால மொழியறிஞர் கண்ட முடிவு. ஒரே மனிதர் அவ்விரு கோடிகளிலும் வாழ்ந்து எழுதிவைத்தது தற்செயலே. மணிலாவின் எசுப்பானிய ஆளுநர் அவர் காட்டிய கடிதங்கள் பொய்யோ என்று ஐயுற்றார். பாரிசுக் கழகத்தாரும் புதுச்சேரியே நல்லது என்று எழுதினர். போர் முடிந்து, உடன்படிக்கைப்படி புதுவை பிரெஞ்சுக்காரருக்கு மீண்டிருந்தது. 1768 மார்ச்சு 27இல், புறப்பட்டு எட்டாண்டு கழித்து, அவர் புதுவை மண்ணில் முதன்முதலாகக் கால்வைத்தார்.

ஆளுநர் லா மகிழ்ந்து வரவேற்றார். கோட்டை இடிபாட்டின் உறுதியான சுவர்கள் மேல் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதன் அடியில் இருந்த நிலவறை வெடிமருந்துக் கிடங்காய் இருந்தது என்பது கேட்போரை நடுங்கவைக்கும். அவரோ அதன் மேலேயே தங்கி இரவெல்லாம் விண்மீன் பார்த்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர், நேற்றைய பகைவர், நல்லதொரு தொலைநோக்கியை அனுப்பி உதவினர். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். 1769 மே மாதம் முழுதும் காலை வானம் பளிங்குபோல் இருந்தது. கடப்புக்கு முந்திய மாலைகளில் ஆளுநரும் அவருமாக வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு களித்தனர்.

சூன் 4 விடியற்காலை. கதிரவன் எழும்போதே வெள்ளி அதன் முகத்தில் இருக்கும். ஏழு மணியளவில் வெளியேறிவிடும். இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தார். விண்மீன் ஒன்றுகூட இல்லை. ஐந்து மணிக்குக் காற்று எழுந்தது. நம்பிக்கையும் சற்றே எழுந்தது. அக்காற்று மேலும் மேகத்தைக் கொண்டுவந்து குவித்தது. கடல் நுரைத்தது, மணல் பறந்தது. ஏழு மணி கடந்தது. சற்று நேரத்தில் மேகம் விலகிக் கதிரவன் வெளிப்பட்டான். அன்று மாலைவரை அவன் மறையவே இல்லை.

பலநாள் அவர் பேனாவைத் தொடவில்லை. நாட்குறிப்பில் நடந்ததை எழுத முயன்றபோதெல்லாம் கை ஓடவில்லை. பின்னர் மணிலாவிலிருந்து செய்தி வந்தது. அங்கே அன்று வானம் தெளிந்திருந்தது; அவர் பழக்கிவைத்த நண்பர் காட்சியை நன்கு கண்டிருந்தார்.

இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவது பலர் வழக்கம். தமிழர் முடிக்கக் கூடாது. புதுவையில் இருந்த ஈராண்டில் லெ ழாந்தி தமிழரிடம் மாணவராக அமர்ந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். ஏடில்லை, எழுத்தாணியில்லை, தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாய் இருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். எழுத்துக்கு எண் பொருத்தி, எண்வரிசையைச் சொல்லாகவும் சொற்றொடராகவும் ஆக்கி நெஞ்சில் ஏற்றுவது வாக்கிய முறை. மறவாமை பொருட்டுக் கணக்கே செய்யுளின் உத்தியைக் கடன் வாங்கிய இடம் அது. கிரகணம் நீடித்த காலத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பா தலைமேல் வைத்துப் போற்றிய தோபியாசு மேயரின் அட்டவணை 68 விநாடி மிகுந்தது. லெ ழாந்தி வியந்தார். காரணம் அறியாமல் விதியை மட்டும் பற்றிக் கணிக்கிறார்கள் என்று குறையும் சொன்னார். அக்குறையில் உண்மையும் உண்டு, ஐரோப்பியச் செருக்கும் உண்டு. அவர் கொண்டுசென்ற குறிப்புகளைக்கொண்டு பாயீ என்னும் வானியலர் 1787இல் இந்திய வானியல் பற்றிப் பெருநூல் எழுதினார். 1825இல் புதுவைத் தமிழர் ஒருவர் அவ்வாறே சோழி வைத்துக் கிரகணம் கணித்ததை வாரன் என்பவர் தம் காலசங்கலிதத்தில் பதிந்தார். இந்நாட்டார் கணக்கைப் பற்றி மேலைநாடு பேசத் தொடங்கியதில் லெ ழாந்திக்குப் பெரும்பங்கு உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய செங்கற்களும் இடிபாடுகளும் கிடப்பதையும் அவர் எழுதிவைத்தார். 1945இல் அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்து கண்டதற்கு முன்னோடிக் குறிப்பு அது.

1770 மார்ச்சு 1இல் புதுவையை விட்டார். மீண்டும் பிரெஞ்சுத் தீவு, மீண்டும் வயிற்றுக்கடுப்பு. நவம்பரில் ஏறிய கப்பல் சூறாவளியில் சிக்கிப் பாய்மரம் இழந்து, 1771 புத்தாண்டு நாளில் அதே தீவுக்குத் திரும்பியது. மார்ச்சு 30இல் ஓர் எசுப்பானியப் போர்க்கப்பல் ஏற்றிக்கொண்டது. காதீசில் இறங்கி, தரைவழியே பிரனே மலையைக் கடந்து, அக்டோபர் 8இல் தாய்நாட்டு எல்லையில் கால்வைத்தார். 11 ஆண்டு, 6 திங்கள், 13 நாள் கழிந்திருந்தன.

அவர் எழுதிய கடிதங்களிற் பல போரிலும் கடலிலும் தொலைந்துபோயின. அவர் மாண்டுபோனதாக ஊர் நம்பியது. உறவினர் சொத்தைப் பிரிக்க முனைந்திருந்தனர். பொறுப்பில் வைத்த பணம் களவு போயிற்று என்றார் அவர் நியமித்த காரியக்காரர். வழக்காடித் தோற்று, வழக்குச் செலவையும் தாமே கொடுத்தார். கழகத்தில் அவர் இருக்கையும் கைமாறியிருந்தது. உரிய இடம் திரும்பக் கிடைக்க 1772 ஆயிற்று. நடுவயதில் மணம் புரிந்து, ஒரு மகளைப் பெற்று, பாரிசு வானாய்வுக்கூடத்திலேயே குடியிருந்தார். கடல்கடந்த வாழ்வை அசைபோட்டு எழுதிய இந்தியக் கடற்பயண நூலின் முதல் தொகுதி 1779இலும் இரண்டாவது 1781இலும் வெளிவந்தன. முதலாவது இந்தியாவைப் பற்றியது. இரண்டாவது முழுதும் தீவுகள்: பிலிப்பைன்சு, மடகாசுகர், பிரெஞ்சுத் தீவு, பூர்போன்.

பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கிடையே 1792 அக்டோபர் 22இல் மறைந்தார். நிலவின் தென்முனை அருகே உள்ள ஒரு பெரும்பள்ளத்துக்கு இன்று அவர் பெயர். புதுவைக் கோட்டை மேட்டில் அவருக்காகக் கட்டிய ஆய்வுக்கூடம் எஞ்சவில்லை. வெள்ளி 2004 சூன் 8இலும் 2012 சூன் 6இலும் கதிரவனைக் கடந்தது. இனி 2117 திசம்பரில்தான் கடக்கும்.